மஞ்சள் விளக்கும் கணக்கில் வராத காற்றும்

2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று மும்பை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 எனப்படும் புகை வரம்பு நடைமுறைக்கு வந்தது. சென்னை, புனே, சோலாப்பூர் ஆகியனவும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. நாடு முழுமைக்கும் அவ்வரம்பு விரிவடைய மேலும் ஏழாண்டுகள் ஆயின. மாருதி 800 பெருநகர விற்பனையிலிருந்து விடைபெற்றது இந்த மாற்றத்தின்போதுதான். அதைப் பற்றி அன்று பலரும் வருந்திப் பேசினர். ஆனால் புகை வரம்போடு சேர்ந்து வந்த மற்றொரு கட்டாயம் அந்நாளில் அதிகக் கவனம் பெறவில்லை. வண்டியில் உள்ள கணினி, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தானே கண்காணித்து, குறை கண்டால் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றி ஓட்டுநருக்கு அறிவிக்க வேண்டும் என்பதே அது. 2013 ஏப்ரல் முதல் இந்தக் கண்காணிப்பு இன்னும் விரிவான இரண்டாம் நிலைக்கு உயர்த்தப்பட்டது.

அந்த முதல் ஆண்டில் மும்பையில் பதிவான கார்களுக்கு 2025இல் 15 ஆண்டுகள் நிறைவடைந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். ஆக, மஞ்சள் விளக்குடன் பிறந்த தலைமுறைக் கார்கள் இப்போதுதான் முதன்முறையாக முதுமை எய்தி, ஆர்.டி.ஓ. ஆய்வாளர் முன் வரிசையாக வந்து நிற்கின்றன. இவற்றைத் தொடர்ந்து வைத்திருப்பதா, விற்பதா, செலவு செய்து சீராக்குவதா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்துள்ளது. அக்கேள்வி, பழுதுபார்ப்பு மதிப்பீட்டுச் சீட்டு ஒன்றின் வடிவில், சில நேரங்களில் எங்கள் வங்கி மேசைக்கும் வருகின்றது.

இந்தச் சீட்டுகளில் அடிக்கடி காணப்படும் இரு பெயர்கள் ஆக்சிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இரண்டும் விலை மிகுந்தவை. பின்னது பல ஆயிரம் ரூபாய் விலை பெறுவதற்குக் காரணம், அதனுள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்டிருப்பதே. மஞ்சள் விளக்கு எரிந்தது, ஸ்கேனர் மாட்டினோம், சென்சார் பெயர் வந்தது, சென்சாரை மாற்ற வேண்டும் என்பது பல பட்டறைகளில் சொல்லப்படும் விளக்கம். சில வண்டிகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பத்தாண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டியில், வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய் வழியே திருட்டுத்தனமாக நுழையும் காற்றே இதே விளக்கை ஏற்றக்கூடும். குழாயின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. எனவே பெரிய செலவுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் சிறிய செலவை நீக்கிப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே விளக்க முற்படுகின்றேன். நான் வணிகவியல் படித்தவன். இயந்திரம் பற்றி அறிந்ததெல்லாம் 2011ஆம் ஆண்டுக் கார் ஒன்றைச் செம்பூரில் பராமரித்து வருவதால் அறிந்தவையே. ஆனாலும் இந்தச் சிக்கல் அடிப்படையில் ஒரு கணக்குச் சிக்கல் என்பதால் எழுதத் துணிந்தேன்.

விளக்கு சொல்வது என்ன?

எஞ்சின் வடிவம் வரைந்த மஞ்சள் விளக்கை, எண்ணெய் அழுத்தம் குறைந்ததையும் எஞ்சின் சூடேறியதையும் காட்டும் சிவப்பு விளக்குகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சிவப்பு எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவதே முறை. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வரை ஓட்டிச் செல்லலாம்; ஆனால் வாரக்கணக்கில் அப்படியே விடுதல் ஆகாது. அதே விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் வெளியேறுகின்றது என்பது அதன் பொருள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் சென்று அங்கே எரிந்து, அதை அளவுமீறிச் சூடாக்கி உருகச் செய்துவிடும். சிமிட்டும் விளக்கோடு தானே வரை ஓட்டிச் சென்று வரலாம் என்று எண்ணுவோர், சில நூறு ரூபாய் வேலையைப் பல ஆயிரம் ரூபாய் வேலையாக வளர்த்துக்கொள்கின்றனர்.

சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் நிறுத்தினால் இவ்விளக்கு எரிய வேண்டும். கிளம்பியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பும்போதே எரியாத விளக்கு நல்ல எஞ்சினின் அடையாளம் என்று கொள்ள வேண்டாம். விளக்கு பழுதாகியிருக்கலாம், அல்லது எவரோ அதன் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். பழைய கார் வாங்கச் செல்வோர் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே; இதற்கு ஒரு காசும் செலவில்லை.

எஞ்சின் எழுதும் கணக்கு

பெட்ரோல் எஞ்சின் ஒரு பங்கு எரிபொருளுக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றைக் கலந்து எரித்தால் புகை தூய்மையாக இருக்கும், கன்வெர்ட்டரும் செம்மையாக வேலை செய்யும். எனவே கணினி உள்ளே வரும் காற்றை அளக்கின்றது. அதற்கேற்பப் பெட்ரோலை வழங்குகின்றது. எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியது என்பதை ஆக்சிஜன் சென்சார் மூலம் சரிபார்க்கின்றது. வரவு, செலவு, இறுதியில் தணிக்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது, காற்று வரும் வழியை த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். சிலிண்டர்களோ உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே தகட்டுக்குப் பின்னால் உள்ள இன்டேக் மேனிஃபோல்டில் வெளிக்காற்றை விட மிகக் குறைந்த அழுத்தம் உண்டாகின்றது. நலமான எஞ்சினில், மும்பை போன்ற கடல்மட்ட ஊரில், இவ்வெற்றிடம் பாதரச அளவில் 17 முதல் 22 அங்குலம் வரை இருக்கும். இந்த இலவச உறிஞ்சு விசையைப் பொறியாளர்கள் பல வேலைகளுக்குப் பயன்படுத்தியுள்ளனர். பிரேக் மிதியை மென்மையாக்கும் பிரேக் பூஸ்டர் இதனால் இயங்குகின்றது. எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை பி.சி.வி. வால்வு வழியே மேனிஃபோல்டுக்கு இழுப்பதும், பெட்ரோல் டாங்க் ஆவியைக் கரிக்குப்பியிலிருந்து பர்ஜ் வால்வு வழியே இழுப்பதும் இதே விசைதான். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் குழாய் செல்கின்றது. மேனிஃபோல்டுக்கும் எஞ்சின் தலைக்கும் இடையே ஒரு காஸ்கெட், இன்ஜெக்டர்களின் அடியில் சிறு ரப்பர் வளையங்கள், த்ராட்டில் பாடியின் கீழ் மற்றொரு காஸ்கெட். இத்தனை இணைப்புகளில் எது விட்டுப்போனாலும் காற்று வழி கண்டுகொள்ளும்.

அவ்வாறு நுழையும் காற்று என்ன செய்யும் என்பது வண்டியின் அளவிடும் முறையைப் பொறுத்தது. பட்டறைகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. சில கார்களில் த்ராட்டிலுக்கு முன்பாக, காற்றின் ஓட்டத்தையே அளக்கும் மாஃப் சென்சார் உண்டு. அவற்றில் கசிவுக் காற்று சென்சாரைக் கடக்காமல் பின்வாசல் வழியே வருகின்றது. வரவேட்டில் அது பதிவாவதே இல்லை. கணினி பெட்ரோலைக் குறைவாக வழங்க, கலவை மெலிந்து, தணிக்கையில் ஆக்சிஜன் மிகுதி வெளிப்படும். வேறு பல சிறிய கார்களில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் உண்டு. இவற்றில் கசிவு ஏற்பட்டால் அழுத்தம் உயரும். காற்று கூடியது என்று கணினி உணர்ந்து பெட்ரோலையும் கூட்டும். எனவே கலவை மெலிவதை விட, ஐடிலிங் வேகம் உயர்வதே முதல் அறிகுறி. மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும். சில வேளைகளில் வேகம் ஏறியும் இறங்கியும் ஊசலாடும். விளக்கு எரியாமலே கசிவு இருக்கக்கூடும் என்பதற்கு இவ்வகை வண்டிகளே சான்று.

மும்பையில் ஏன் அதிகம்?

எஞ்சின் சூட்டில் ரப்பர் பத்தாண்டுகளில் இறுகிப்போவது எந்த ஊரிலும் நிகழ்வது. நம் ஊரின் நெரிசல் அதை விரைவுபடுத்துகின்றது. சயானிலிருந்து தாராவியைக் கடந்து மாஹிம் வரை ஊர்ந்து செல்லும் வண்டி, கிலோமீட்டர் கணக்கில் சிறிது தூரமே ஓடியிருந்தாலும், எஞ்சின் மூடிக்குள் வெகுநேரம் வெந்திருக்கும். ஓடோமீட்டரைப் பார்த்து மட்டும் குழாய்களின் வயதைக் கணிக்க இயலாது.

அடுத்தது எலி. மழைக்காலத்தில் குடியிருப்புச் சங்க வளாகங்களில் நிற்கும் கார்களின் வெதுவெதுப்பான எஞ்சின் அறை எலிகளுக்கு நல்ல புகலிடம். ஒயர்களையும் மென்மையான குழாய்களையும் அவை கடித்துவிடும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் திடீரென விளக்கு எரிந்தால், ஸ்கேனரைத் தேடுவதற்கு முன் மூடியைத் திறந்து டார்ச் விளக்கடித்துப் பார்ப்பது நலம்.

மூன்றாவது காரணம் சி.என்.ஜி. கிட். இந்நகரில் எரிவாயுவுக்கு மாற்றப்பட்ட பழைய கார்கள் ஏராளம். வாங்கிய பின் பொருத்தப்படும் தொடர்வரிசைக் கிட்களில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் வாயு செலுத்த மேனிஃபோல்டில் துளையிட்டு முனை பொருத்துவர். ரெட்யூசருக்கும் கிட்டின் அழுத்த சென்சாருக்கும் தேவையான வெற்றிடத்தை, இருக்கின்ற குழாயை நறுக்கி டி வடிவ இணைப்பு செருகி எடுப்பர். தொழிற்சாலை வைக்காத இணைப்புகள் இவ்வாறு ஐந்தாறு கூடிவிடுகின்றன. பொருத்தியவர் நல்ல கிளாம்ப் போட்டிருந்தால் நன்று. போடாவிட்டால் சில ஆண்டுகளில் தெரியவரும்.

தாராவியில் தோல் பைகள் தைத்துக் கடைகளுக்கு வழங்கும் வாடிக்கையாளர் ஒருவர் சென்ற ஆண்டு எங்களிடம் தனிநபர் கடன் கேட்டு வந்தார். 2012ஆம் ஆண்டுக் கார், சி.என்.ஜி. பொருத்தியது. அவருக்குச் சரக்கு வண்டியும் குடும்ப வண்டியும் அதுவே. ஐடிலிங்கில் குலுங்குகின்றது, விளக்கு எரிகின்றது, சென்சாரும் கன்வெர்ட்டரும் மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு. கடனை மறுக்கக் காரணம் எதுவும் இல்லை. ஆயினும் வேறொரு மெக்கானிக்கிடம் வெற்றிடக் கசிவை மட்டும் பார்க்கச் சொல்லுமாறு கூறினேன். ரெட்யூசருக்குச் செல்லும் டி இணைப்பில் குழாய் பிளந்திருந்தது. கடன் விண்ணப்பம் திரும்பி வரவில்லை. (எங்கள் மண்டல அலுவலகத்தின் கடன் இலக்குக்கு இது உகந்த செய்தி அன்று என்பதை அறிவேன்.)

எண்ணைப் படிக்கும் முறை

2013க்குப் பிந்தைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட இணைப்பு இருக்கும். அதில் செருகி கைப்பேசியோடு இணைக்கும் சிறு ஸ்கேனர்கள் பரவலாகக் கிடைக்கின்றன. 2010க்கு முந்தைய வண்டிகளுக்கு நிறுவனத்தின் சொந்தக் கருவியோ, விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையைப் படிக்கும் பழைய முறையோதான் துணை.

பி0171 என்ற எண் கலவை மெலிந்துள்ளது என்பதைக் குறிக்கும். பி0300 முதல் பி0304 வரை சிலிண்டர்களில் எரிதல் தவறுவதைக் குறிக்கும். பி0505 ஐடிலிங் கட்டுப்பாட்டையும், பி0420 கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததையும் சுட்டும். இவை யாவும் விளைவுகளின் பெயர்கள். பி0171 வந்தவுடன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, பற்றாக்குறையைக் கண்டுபிடித்த தணிக்கையாளரை இடமாற்றம் செய்வதற்கு ஒப்பானது. புதியவரும் அதே பற்றாக்குறையைத்தான் எழுதுவார். பி0171, பி0300, பி0420 மூன்றும் ஒன்றாக வந்திருந்தால் பெரும்பாலும் ஒரே சங்கிலி. காற்று கசிந்தது, கலவை மெலிந்தது, எரிதல் தவறியது, அதனால் கன்வெர்ட்டர் திணறியது. முதல் கண்ணியைச் சரிசெய்யாமல் கடைசிக் கண்ணியை மாற்றினால், புதிய கன்வெர்ட்டரும் அதே வழியில் கெடும்.

எண்ணை விடப் பயனுள்ள ஒரு தகவல் அதே ஸ்கேனரில் உண்டு. பலர் அப்பக்கத்தைத் திறப்பதே இல்லை. ஃபியூயல் டிரிம் என்பது அதன் பெயர். தணிக்கைக் குறிப்பைப் பார்த்துக் கணினி, தன் கணக்கிட்ட பெட்ரோல் அளவை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ திருத்துகின்றது என்பதை அது காட்டும். குறுகிய காலத் திருத்தம், நீண்ட காலத் திருத்தம் என இரண்டு வரிகள் இருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை 10 விழுக்காட்டுக்குள் மேலும் கீழுமாக இருப்பது இயல்பு. கூட்டல் திசையில் 20, 25 என்று உயர்ந்தால் கணினியின் கைக்கு எட்டாத குறை இருக்கின்றது.

இனி, எஞ்சின் நன்கு சூடான பின் ஐடிலிங்கில் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் 22ஆக இருந்தது 2500 சுற்றில் 5ஆக இறங்கினால் வெற்றிடக் கசிவு என்று ஏறக்குறைய உறுதி கொள்ளலாம். கசிவின் துளை அளவு மாறுவதில்லை. ஐடிலிங்கில் எஞ்சின் உண்ணும் காற்று குறைவு, எனவே துளைக் காற்றின் பங்கு பெரிது. வேகம் கூடும்போது மொத்தக் காற்று பெருகி, துளைக் காற்று அதில் கரைந்துவிடுகின்றது. மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூட எண்ணும் உயர்ந்தால் பெட்ரோல் போதவில்லை. பம்பு, ஃபில்டர், இன்ஜெக்டர் ஆகியவற்றை அப்போது பார்க்க வேண்டும். மேப் சென்சார் வண்டிகளில் இந்த எண் அவ்வளவு துலக்கமாக இராது. அங்கே ஐடிலிங் வேகமும் மேனிஃபோல்ட் அழுத்தமுமே சாட்சிகள். வெளியேறும் புகைக்குழாயில், சென்சாருக்கு முன்பாக வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று கலந்து சென்சாரை ஏமாற்றும் என்பதையும் மெக்கானிக்கிடம் நினைவூட்டலாம்.

பெட்ரோல் டாங்க் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்ற அறிவுரை வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். அது அமெரிக்க வண்டிகளுக்கு உரியது. அங்கே டாங்க் ஆவி கசிகின்றதா என்று வண்டி தானே சோதிக்க வேண்டும். ஐரோப்பிய முறையைத் தழுவிய நம் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் அந்தக் கசிவுச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை.

துளையைத் தேடுதல்

எளிய சோதனைகளிலிருந்து தொடங்குவதே சிக்கனம். அமைதியான இடத்தில் எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, மூடியைத் திறந்து காது கொடுத்தால், பெரிய கசிவு 'ஸ்' என்று சீறுவது கேட்கும். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகளின் அருகே கொண்டுசெல்வது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். சுழலும் பெல்ட்டும் விசிறியும் அருகிலேயே உள்ளன. சட்டைக் கையையும் புடவைத் தலைப்பையும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

மெல்லிய குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி மூடிப் பார்க்கலாம். எதை மூடியதும் எஞ்சின் ஓட்டம் சீராகின்றதோ, குறை அந்தக் கிளையில் உள்ளது. சந்தேகமான காஸ்கெட் மீது சிறிது தண்ணீர் தெளித்தால், நீர் துளையை ஒரு கணம் அடைத்து ஓட்டம் மாறும். மின் இணைப்புகளில் நீர் படாமல் செய்ய வேண்டும். பட்டறைகளில் கார்புரேட்டர் கிளீனர் தெளித்துப் பார்ப்பர். தெளித்த இடத்தில் எஞ்சின் வேகம் மாறினால் கசிவு அங்கே என்று பொருள். அது தீப்பற்றும் திரவம். சூடான எஞ்சின் மீது, குடியிருப்பு வளாகத்தின் மூடிய பார்க்கிங்கில், இதை எவரும் தாமே செய்ய முற்படக் கூடாது.

ஐயத்துக்கு இடமற்ற முறை புகைச் சோதனை. எஞ்சினை நிறுத்தி, தாது எண்ணெயைச் சூடாக்கி எழுப்பிய வெண்புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் மேனிஃபோல்டுக்குள் செலுத்துவர். துளை எங்கோ அங்கே புகை வெளிவரும். இக்கருவி உள்ள பட்டறையைத் தேடிச் செல்வது பெரும்பாலும் வீண்போகாது. வெற்றிடமானி வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தாலும் நன்று. முள் 17க்குக் கீழே அசையாமல் நின்றால் கசிவையோ இக்னிஷன் நேரத்தையோ ஐயுறலாம். முள் ஒழுங்காகத் துடித்தால் வால்வைப் பார்க்க வேண்டும். 2500 சுற்றில் நிறுத்தியிருக்கும்போது முள் மெல்ல மெல்லச் சரிந்தால், கன்வெர்ட்டர் உண்மையிலேயே அடைத்திருக்கக்கூடும். அப்போது அந்தப் பெரிய மதிப்பீடு நியாயமானதே.

பிரேக் பூஸ்டர் சோதனையை மட்டும் ஒத்திவைக்கலாகாது. எஞ்சினை நிறுத்திய நிலையில் பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்தால் மிதி கடினமாகும். அதை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினைக் கிளப்பினால் மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டாலும், ஓடும்போது பிரேக் மிதித்ததும் எஞ்சின் ஓட்டம் தடுமாறினாலும், பூஸ்டரிலோ அதன் குழாயிலோ கசிவு உள்ளது. மற்ற கசிவுகள் பெட்ரோலை வீணாக்கும். இது காட்கோபர் மேம்பாலத்தின் இறக்கத்தில் வண்டி நிற்குமா என்பதைப் பற்றியது. சரிசெய்யும் வரை அவ்வண்டியை ஓட்டாதிருப்பதே முறை.

புதிய குழாய் வாங்கும்போது வெற்றிடத்துக்கும் பெட்ரோல் ஆவிக்கும் உரிய குழாயா என்று கேட்டு வாங்க வேண்டும். குர்லா சி.எஸ்.டி. சாலையில் பழைய உதிரிபாகம் தேடுவது மும்பையின் மரபு; கதவுக்கும் கண்ணாடிக்கும் அது பொருந்தும். ரப்பரைப் பழையதாக வாங்குவதில் பொருளில்லை; இன்னொரு காரில் அதே பத்தாண்டுகள் வெந்த குழாய் அது.

பி.யு.சி. சீட்டில் உள்ள துப்பு

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றான பி.யு.சி. சீட்டை நாம் பெற்றவுடன் மடித்து வைத்துவிடுகின்றோம். அதில் அச்சாகும் எண்களைப் படித்தால் ஒரு நோயறிதல் இலவசமாகக் கிடைக்கும். பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கு என்பது வரம்பு. அதற்கு முந்தைய இரண்டு, மூன்றாம் நிலை வண்டிகளுக்கு இவை 0.5, 750 என இருக்கும். இரண்டும் ஒருசேர மிகுந்திருந்தால் பெட்ரோல் அதிகம் செல்கின்றது. கார்பன் மோனாக்சைடு மிகக் குறைந்தும் ஹைட்ரோகார்பன் மட்டும் உயர்ந்தும் இருந்தால், மெலிந்த கலவை எரியாமல் தவறுகின்றது என்று கொண்டு வெற்றிடக் கசிவைத் தேடலாம். நான்காம் நிலை வண்டிகளை உயர் சுற்றிலும் சோதித்து லாம்டா என்ற எண்ணைக் குறிப்பர், அது 0.97க்கும் 1.03க்கும் இடையே நிற்க வேண்டும். 1.03ஐத் தாண்டினால் காற்று மிகுதி.

நான்காம், ஆறாம் நிலை வண்டிகளுக்கு இச்சான்று ஓராண்டு செல்லும், முந்தையவற்றுக்கு ஆறு மாதம். புகை விதிகளை மீறி ஓட்டுவதற்கு, 2019 திருத்தத்துக்குப் பின், மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பி.யு.சி. இல்லாவிட்டால் விபத்துக் காப்பீடு கிடைக்காது என்ற செய்தி பரவியபோது, அது சரியன்று என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்டில் விளக்கமளித்தது. சான்று கட்டாயமே, ஆனால் அது இல்லாதது ஒன்றே இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது.

இந்நகரின் கருப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்சிகளில் இவ்விளக்கும் இல்லை, கணினியும் இல்லை. அவற்றில் கடைசியானது 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவாகி, டாக்சிகளுக்குரிய 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. அவற்றின் ஓட்டுநர்கள் கசிவைக் காதால் அறிந்தனர். இன்றைய வண்டி எண்ணாக எழுதித் தருகின்றது. அவ்வெண்ணைக் கூட்டிப் பார்க்கும் வேலை மட்டும் நமக்கு.

குறை தீர்ந்த பின் நினைவகத்தை அழித்தால் விளக்கு அணையும். அழித்த உடனே வண்டி தன்னைச் சோதித்து முடித்துவிடுவதில்லை. நெடுஞ்சாலையிலும் நெரிசலிலும் சில நாள் ஓடிய பின்பே சோதனைகள் நிறைவேறும். ஸ்கேனரில் 'ரெடினஸ்' என்ற பக்கம் இதைக் காட்டும். பழைய கார் வாங்குவோர், அப்பக்கத்தில் சோதனைகள் முடிவுறாதவை என்று வரிசையாக இருந்தால், விற்பவர் அன்று காலையில்தான் எண்களை அழித்தார் என்று ஐயுற இடமுண்டு. ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று கூறி, முன்பணம் தராமல் திரும்புவதே பாதுகாப்பு.

15 ஆண்டு நிறையும் வண்டிக்குப் பதிவுப் புதுப்பிப்பு விண்ணப்பத்தை, படிவம் 25இல், பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் அளிக்கலாம். செம்பூர்ப் பகுதி வண்டிகளுக்கு வடாலா அலுவலகம். செல்லத்தக்க பி.யு.சி., காப்பீடு ஆகியவற்றுடன் வண்டியையும் ஆய்வுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் சுற்றுச்சூழல் வரியும் உண்டு. ஆய்வு நாளுக்கு முன் மாதமே மேற்கண்ட சோதனைகளைச் செய்துகொண்டால், எரியும் விளக்கோடு வரிசையில் நிற்க நேராது. வங்கி ஊழியன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கின்றேன். வண்டிக் கடனை என்றோ முடித்துவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரை நீக்காமல் விட்டவர்கள் பலர் உள்ளனர். புதுப்பிக்கும் நேரத்தில்தான் அது கண்ணில் படுகின்றது. கடன் வழங்கிய கிளைக்குச் சென்று தடையின்மைச் சான்றையும் கையொப்பமிட்ட படிவம் 35இன் இரு பிரதிகளையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். கிளை வேறு ஊரில் இருந்தாலும், வங்கி வேறொன்றுடன் இணைந்திருந்தாலும், பழைய கடன் எண்ணைத் தேடி எடுக்கச் சில நாட்கள் ஆகும்.